சுவரில் மாட்டுகிறவருக்கு ஒரு பேர் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைப் புதுப்பித்துக் குடியேறிய தம்பதியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீடு அருமை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண், பெரியவர்கள் விட்டுப்போன ஊஞ்சல். முகப்பில் பெரிய ஓவியம் ஒன்று தொங்குகிறது. ரோஸ் நிறப் பட்டுச் சட்டை, குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும் தலைப்பாகை, தோளில் துப்பாக்கி, கறுத்த, கம்பீரமான முகம். படத்தின் கீழே ‘அரேபிய அரசர், பழங்கால ஓவியம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அவர் அரசர் இல்லை. அரேபியர் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடியில் பிரேம் கடை வைத்திருப்பவன். அப்பா காலத்துக் கடை. எங்களுக்கு வரும் வேலையில் பாதி, பழைய ரவிவர்மா அச்சுப் படங்களுக்குச் சட்டம் மாற்றுவது. 1894இல் பம்பாயில் அவருடைய அச்சகம் தொடங்கியபின் ஊர் ஊராக வந்து சேர்ந்த லட்சுமியும் சரஸ்வதியும்தான். சிலவற்றில் இந்தப் பக்கத்து ஆச்சிமார் ஜரிகையும் சம்கியும் வைத்து அம்பாளுக்குச் சேலையே தைத்திருப்பார்கள். கண்ணாடியைக் கழற்றினால் இராமபாணப் பூச்சி ஓடும். மீதிப் பாதி கல்யாணப் போட்டோவும் காலமானவர்கள் படமும். இப்போது மூன்றாவதாக ஒரு பாதி சேர்ந்திருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள், ஹோட்டல் ஆக்குகிறவர்கள், அவர்களுடைய ஆர்க்கிடெக்ட்டுகள் எல்லோரும் போனில் ஒரு தலைப்பாகை மனிதரைக் காட்டி, “அண்ணே, இதே மாதிரி பழைய லுக்கில் வேணும்” என்கிறார்கள்.

தங்கள் இணைப்பில் வந்தவரை எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் கடை வழியாகப் பலமுறை போயிருக்கிறார். வரைந்தவர் ஜான் லெயோன் ஜெரோம் என்ற பிரெஞ்சுக்காரர். 1824இல் பிறந்து 1904இல் இறந்தவர். 1868 தொடக்கத்தில் எகிப்து, பாலஸ்தீனம் பக்கம் சில மாதங்கள் சுற்றிவிட்டு, அங்கே வாங்கிய துணிமணிகளோடு பாரிசுக்குத் திரும்பினார். தன் ஸ்டூடியோவில் ஒரு மாடலுக்கு அந்தத் துணிகளை உடுத்தி உட்காரவைத்து 1868-69இல் வரைந்த படம் இது. பெயர் ‘பாஷி-பஸூக்’. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. பாஷி-பஸூக் என்றால் ஆட்டோமான் துருக்கியரின் கூலியில்லாத படை. சம்பளம் கிடையாது, கொள்ளையடித்ததுதான் வருமானம். 1876இல் பல்கேரியாவில் இவர்கள் செய்த படுகொலைகளால் ஐரோப்பா முழுக்கப் பேர் கெட்டது. அப்படிப்பட்ட ஒருவன் இவ்வளவு விலைமதிப்பான பட்டை உடுத்திக்கொண்டா சண்டைக்குப் போவான் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. மியூசியத்தின் குறிப்பும் அதையேதான் கேட்கிறது. அது நாடகச் சட்டை. அதற்குள் இருக்கும் மனிதர்தான் நிஜம். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கிழக்கு நாட்டு மனிதர்களையும் காட்சிகளையும் காட்டும் இந்த வகைப் படங்களை ஓரியண்டலிஸ்ட் ஓவியம் என்கிறார்கள். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் போனது, 1830இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடித்தது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது என்று வழி திறக்கத் திறக்க ஓவியர்கள் கிழக்கே வந்தார்கள். கால்வாய் திறப்பு விழாவுக்கு ஜெரோமே போயிருந்தார். பாதிப் பேர் பார்த்ததை வரைந்தார்கள். பாதிப் பேர் பார்க்க ஆசைப்பட்டதை வரைந்தார்கள். ஜெரோமின் மாமனார் அடோல்ஃப் கூப்பில் பாரிசில் பெரிய ஓவிய வியாபாரி. மருமகன் படங்களை அச்சுப் பிரதிகளாக்கி வீடுகளுக்கு விற்றார். பிரதி விற்பதற்கென்றே இவர் வரைகிறார் என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தவர்கள் உண்டு. ஆகவே வீட்டு வரவேற்பறைக்கு இந்தப் படத்தின் பிரதியை வாங்குவதில் புதுசாகக் குற்றம் எதுவும் இல்லை. படம் பிறந்ததே அதற்குத்தான். என் தொழிலும் அதுதானே.

சரி, பிறகு என்ன குறை என்பீர்கள். நம் வீட்டுச் சுவரில் முகம் என்று ஒன்று தொங்கினால், அது சாமி, இல்லையென்றால் சொந்தம், இல்லையென்றால் காந்தி, காமராஜர் மாதிரி தலைவர். நம் கண் அப்படிப் பழகியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் வீட்டில் யாரோ ஒருவருடைய முகம் வெறும் அலங்காரமாகத் தொங்கலாம். நம் வீட்டில் வருகிற விருந்தாளி கேட்டே தீருவார். படம் மாட்ட நானே போயிருந்த வீட்டில் ஓர் ஆச்சி அண்ணாந்து பார்த்து மருமகளிடம், “இவுக யாரு, உங்க அப்பச்சி வகையா?” என்று கேட்டார். கேலி இல்லை, மெய்யாகவே கேட்டார். இன்னொரு வீட்டில் வேலைக்கு வரும் அம்மா வெள்ளிக்கிழமை எல்லாப் படத்துக்கும் பொட்டு வைத்தபோது பாஷி-பஸூக்குக்கும் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டார். வீட்டுக்காரர் அதை அழிக்காமல் விட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதனால் இந்த மாதிரிப் படம் தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சுவர் அளவையோ சோபா நிறத்தையோ அல்ல. “யாராவது ‘இவர் யார்’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்பதுதான். பதில் இருக்கிற படமாக எடுங்கள். பேர் தெரிந்த மனிதர்களின் ஓரியண்டலிஸ்ட் உருவப்படங்கள் இருக்கின்றன. தேடினால் கிடைக்கும்.

என் முதல் சிபாரிசு ருடால்ஃப் ஸ்வபோடா. வியன்னாக்காரர், 1859இல் பிறந்தவர். 1886இல் லண்டனில் காலனி நாடுகளின் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. அங்கே நம் நாட்டுக் கைவினைக்காரர்கள் உட்கார்ந்து தொழில் செய்து காட்டினார்கள். அவர்களில் பலர் ஆக்ரா சிறைக் கைதிகள்; சிறையில் கற்ற தொழில்தான். விக்டோரியா ராணி அவர்களை வரைந்து தரும்படி ஸ்வபோடாவிடம் சொன்னார். பிடித்துப்போகவே, செலவுக்குப் பணம் கொடுத்து இந்தியாவுக்கே அனுப்பினார். 1886 முதல் 1888 வரை அவர் இங்கே சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட முகங்களை வரைந்து எடுத்துப்போனார். இங்கிலாந்தின் வைட் தீவில் ராணியின் ஆஸ்பர்ன் மாளிகையில், தர்பார் அறைக்குப் போகும் நடையில் அவை இன்றும் வரிசையாகத் தொங்குகின்றன. பொதுமக்கள் பார்க்கலாம்.

ஸ்வபோடா வரைந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பக்‌ஷிராம். ஆக்ராவைச் சேர்ந்த குயவர். நூறு வயதைத் தாண்டியவர் என்று அப்போதே குறித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் தாடி, சுருங்கிய தோல், எதிரில் இருப்பவரை அளவெடுக்கிற பார்வை. ஜெரோம் படத்தில் பட்டைத்தான் முதலில் பார்க்கிறோம். இதில் முகத்தைத் தவிரப் பார்க்க ஒன்றுமே இல்லை. ‘இவர் யார்’ என்றால் ‘பக்‌ஷிராம், ஆக்ராவில் பானை செய்தவர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆச்சியும் சரி என்று உட்கார்ந்துவிடுவார்.

இன்னொருவர் அப்துல் கரீம். ராணிக்கு இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்த முன்ஷி. அவரும் முதலில் அதே ஆக்ரா சிறையில் எழுத்தராக இருந்தவர்தான். கைவினைக்காரர்களை லண்டனுக்கு அனுப்பிய சிறைக் கண்காணிப்பாளரே இவரையும் 1887இல் அரண்மனை வேலைக்கு அனுப்பினார். 1888இல் ஸ்வபோடா வரைந்த படத்தில் தலைப்பாகையோடு, இருபத்தைந்து வயது இளைஞராக இருக்கிறார். 1901இல் ராணி இறந்ததும் புது அரசர் இவருக்கு ராணி எழுதிய கடிதங்களை எரிக்கச் சொல்லி, இவரை ஊருக்கு அனுப்பிவிட்டார். 1909இல் ஆக்ராவில் இறந்தார். கடிதம் எரிந்துவிட்டது, படம் தப்பிவிட்டது. வரவேற்பறையில் கதை சொல்ல இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

ஸ்வபோடா மட்டும் யோக்கியமா என்று என் மகளே என்னிடம் சண்டை போடுவாள். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். ‘தன் குடிமக்கள் எத்தனை வகை’ என்று ராணி சேகரித்ததுதானே இது, பட்டாம்பூச்சி சேகரிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பாள். அதிலும் கைதியாக உட்கார்ந்தவன் ‘வரையாதே’ என்று சொல்லியிருக்க முடியுமா என்பாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பேரும் ஊரும் தொழிலும் எழுதி வைத்தார்களே, அது பெரிய வித்தியாசம் என்பது என் கட்சி. மியூசியங்களே இப்போது பேரைத் தேடி அலைகின்றன. 2019இல் பாரிஸ் ஓர்சே மியூசியத்தில், பழைய பிரெஞ்சு ஓவியங்களுக்கு மாடலாக உட்கார்ந்த கறுப்பின மக்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. 1800இல் வரையப்பட்டு, இருநூறு ஆண்டுகளாக ‘நீக்ரோப் பெண்’ என்றே தலைப்பிட்டிருந்த படத்துக்கு ‘மதலேனின் உருவப்படம்’ என்று அங்கே பேர் மாற்றி வைத்தார்கள். இரண்டு நூற்றாண்டு தாமதம்தான். இருந்தாலும் செய்தார்கள்.

வெள்ளைக்காரன் பார்வையே வேண்டாம் என்பவர்களுக்கு உஸ்மான் ஹம்தி பே இருக்கிறார். இஸ்தான்புல்காரர், 1842இல் பிறந்தவர். பாரிசுக்குப் போய் ஜெரோமிடமே ஓவியம் பயின்றவர். ஊருக்குத் திரும்பி அங்குள்ள தொல்லியல் மியூசியத்தை வளர்த்து, நுண்கலைப் பள்ளியும் தொடங்கினார். குரு கற்றுக்கொடுத்த அதே வண்ணச் சுவர் ஓடுகளும் அதே பட்டும் இவர் படத்திலும் வரும். ஆனால் ஆட்கள் படிப்பார்கள், விவாதிப்பார்கள், நிமிர்ந்து நிற்பார்கள். பல படங்களில் அவரே மாடல். புகழ்பெற்ற ‘ஆமை பழக்குபவர்’ படத்தில் சிவப்பு அங்கியில் முதுகு வளைந்து நிற்கும் கிழவர் சாட்சாத் உஸ்மான் ஹம்திதான். 1906இல் வரைந்தது. உயரமான படம், அசல் ஏழடி. மாடிப்படி ஏறும் சுவருக்குச் சரியாக இருக்கும்.

அந்தப்புரத்தில் படுத்திருக்கும் பெண்கள் படத்தைக் கொண்டுவருகிறவர்களிடம் ‘வேண்டாம்’ என்று நேராகவே சொல்லிவிடுவேன். ஒழுக்கம் பேசவில்லை. அந்த ஓவியர்களில் பெரும்பாலோரை யார் வீட்டு அந்தப்புரத்துக்குள்ளும் விட்டிருக்க மாட்டார்கள். 1814இல் அந்த வகையில் பேர்போன படத்தை வரைந்த ஆங்க்ர் கிழக்கு நாடுகள் பக்கமே போனதில்லை. அது உருவப்படமே அல்ல, கற்பனை.

இனி தொழில் விஷயம். தங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

பழைய ஓவியங்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. நல்ல கோப்பு கிடைப்பதுதான் கஷ்டம். மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 முதல் தன்னிடமுள்ள இத்தகைய படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. ஜெரோம் படமும் அதில் உண்டு. அதைக் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நீட்டி அடித்தால் குஞ்சமெல்லாம் கூழாகிவிடும். ஸ்வபோடா படங்கள் பிரிட்டிஷ் அரச குடும்பத்துத் தொகுப்பைச் சேர்ந்தவை. அச்சிட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

அளவு. ஜெரோம் படத்தின் அசல் ஏறக்குறைய 32க்கு 26 அங்குலம். அந்த அளவிலேயே அடியுங்கள், தலை ஆளின் தலை அளவுக்கு வரும், எதிரே ஒருவர் இருப்பது போலிருக்கும். ஆறடிக்கு ஊதிப் பெருக்கினால் சினிமா பேனர். ஸ்வபோடாவின் முகங்கள் பல, ஓரடி உயரம் வந்தால் அதிகம். அவற்றைச் சின்னதாகவே, சுற்றி அகலமான மவுண்ட் போர்டு (படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வரும் அட்டை) விட்டு, ஒல்லியான கறுப்புச் சட்டத்தில் போட வேண்டும். நடையிலோ படிக்கும் மேசைக்கு மேலேயோ, கிட்டப் போய்ப் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். தங்க முலாம் பூசின பட்டைச் சட்டம் போடாதீர்கள். அது ஜெரோமுக்குத் தாங்கும், பக்‌ஷிராமுக்குத் தாங்காது.

நிறத்தைப் பற்றி ஒரு கோபம் எனக்கு உண்டு. பிரிண்ட் போடுகிற இடங்களில் பிள்ளைகள் கேட்காமலேயே முகத்தை வெளுத்துவிடுகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் பழகிய கை. பாஷி-பஸூக்கை மாநிறமாக்கிக் கொண்டுவந்து, “இப்ப பளிச்சுன்னு இருக்குல்ல?” என்று கேட்டான் ஒரு பையன். அந்தப் படத்தின் அழகே கறுத்த தோலுக்குப் பக்கத்தில் ரோஸ் பட்டு மினுங்குவதுதான். திரும்ப அடிக்கச் சொன்னேன். முகத்தில் கை வைக்காதீர்கள், வேண்டுமானால் எதிரே ஒரு விளக்கைக் கூட்டுங்கள். கேன்வாஸில் அடித்தால் கருமை எல்லாம் ஒன்றாக அப்பிக்கொள்ளும். வழவழப்பில்லாத நல்ல பருத்திக் காகிதம் போதும். இருண்ட படத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் உங்கள் முகம்தான் தெரியும்.

சுவர். செட்டிநாட்டு வீட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால், தயவுசெய்து டிரில் மிஷினைக் கொண்டுபோகாதீர்கள். செதில் செதிலாகப் பெயர்ந்தால் அதைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. பெரும்பாலான வீடுகளில் உத்தரத்துக்குக் கீழே படம் மாட்டவென்றே மரக்கட்டை பதித்திருப்பார்கள். அதிலிருந்து கம்பி விட்டுத் தொங்கவிடலாம். பெரியவர்கள் படத்தை உயரத்தில் முன்பக்கம் சாய்த்து மாட்டியது, கீழே நின்று பார்ப்பவருக்கு முகம் தெரியத்தான். புதிதாக வாங்கி வந்த முகத்தை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள். தனியாக, கண்மட்டத்தில், தரையிலிருந்து ஐந்தடிக்கு நடுப்பகுதி வருமாறு மாட்டுங்கள். வாஸ்து பார்க்கிறவர்கள் தெற்குச் சுவர் காலமானவர்களுக்கு என்பார்கள். வாதாடாமல் வேறு சுவரைப் பாருங்கள்.

அசலைப் பார்க்க ஆசையா? இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மலேசியாவில் இருக்கிறார். கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இவ்வகை ஓவியங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. 2019இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் இதைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோது பல படங்கள் அங்கிருந்துதான் போயின.

எங்கள் ஊரில் முனீஸ்வரன் கோயில் தெரு இருக்கிறது. பழம்பொருள் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே எனாமல் தூக்குச்சட்டிக்கும் மரக் குதிரைக்கும் நடுவே பழைய உருவப்படங்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். காதில் கடுக்கன், தோளில் அங்கவஸ்திரம், விபூதி பூசிய பெரியவர்கள். ரங்கூனில், பினாங்கில் ஸ்டூடியோவில் எடுத்து, மேலே வண்ணம் தீட்டியவை. வீடு பாகம் பிரித்தபோது யார் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கடைக்கு வந்தவர்கள். பின்பக்கம் பேர் இருக்காது. வெளியூர்க்காரர்கள் வாங்கி ஹோட்டல் வரவேற்பறையில் மாட்டுகிறார்கள், ‘விண்டேஜ் தென்னிந்திய மனிதர்’. எந்த ஊர் மியூசியத்திலும் இவர்களுக்கு ஒரு குறிப்புகூடக் கிடையாது.

இதைப் பார்த்த பிறகுதான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கடையை விட்டு எந்த முகம் போனாலும், பின் அட்டையில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புகிறேன். படத்தில் இருப்பவர் யார், வரைந்தவர் அல்லது எடுத்தவர் யார், எந்த வருஷம், அசல் எங்கே இருக்கிறது. பேர் தெரியாவிட்டால் ‘பேர் பதிவாகவில்லை, பாரிஸ் ஸ்டூடியோ மாடல்’ என்று எழுதுகிறேன். தங்கள் இணைப்பிலும் படத்துக்குக் கீழே இந்த நாலு விஷயத்தைப் போட இரண்டு வரி இடம் போதும். வாசகர்கள் வீட்டில் செய்வதானால் காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி, படத்தின் மேல் ஒட்டாமல் பின்பலகையில் ஒட்டுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை நாளாக ஆக ஊறும். செலோடேப்பும் வேண்டாம், மைதாப் பசையும் வேண்டாம். பசைக்குத்தான் பூச்சி முதலில் வரும்.

இப்படிக்கு,
பிரேம் கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி